அப்பா சிறை வைத்த கோப்பி யந்திரம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இப்படிப்பட்ட மலர்களில், மறைந்தவர் சாந்தமே உருவானவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்று முதல் பந்தியிலேயே எழுதிவிடுவது வழக்கம். நானும் அப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன். வாசித்துக் காட்டியபோது அம்மா, ஓராண்டுத் துக்கத்தின் நடுவில், முதல் தடவையாகச் சிரித்தார். உங்களில் ஐந்தாறு பேராவது அப்பாவின் கையால் அடி வாங்கியவர்கள். சிலர் தகுந்த காரணத்தோடு வாங்கினீர்கள். மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்; அப்பாவுக்கு அது வலது கை முட்டியில் இருந்தது. ஆகவே அந்தப் பந்தியைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கருமாதிக்கு வந்தவர்கள் பட்டறைக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையை எட்டிப் பார்த்தீர்கள். அங்கே சங்கிலி போட்டு நிற்கும் பழைய யந்திரத்தைக் கண்டுவிட்டு, ஆளுக்கு ஆள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “இன்னுமா அந்தச் சனியன வச்சிருக்கீங்க?” அன்று என் வாய் வீங்கியிருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. ஏன் வீங்கியிருந்தது என்பது கடைசியில் வரும். பதில் இந்தக் கட்டுரைதான்.

நான் அவருக்கு ஒரே மகன். டவுனில் ஒரு பாடசாலையில் பூகோளம் படிப்பிக்கிறேன். பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரைகள் எழுதுகிறேன். நிறையப் படித்தவன் என்று எனக்கு ஊரில் பெயர். சுவரில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவனை மரியாதையாக வேறு எப்படிச் சொல்வது?

அப்பா பிறந்தது மாத்தளைக்குக் கிழக்கே, மலைமேல், ஒரு கோப்பித் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில். தாத்தா அங்கே ஸ்டோரில் வேலை செய்தார். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் யந்திரங்கள் அந்த ஸ்டோரில் வரிசையாக நின்றன. தோட்டத்தில் அதைப் ‘பல்பர்’ என்பார்கள். நெஞ்சு உயர வார்ப்பிரும்புச் சட்டம், நடுவே செப்புத் தகடு போர்த்திய உருளை, பக்கத்தில் பெரிய பல்சக்கரம். ஓடைத் தண்ணீர் வெளியே ரோதையை, அந்தப் பெரிய தண்ணீர்ச் சக்கரத்தை, சுழற்றும். ரோதை இதைச் சுழற்றும். பழத்தை மேலே கொட்டினால் தோல் ஒரு பக்கம் போகும், கொட்டை ஒரு பக்கம் போகும். ஆளைக் கொடுத்தாலும் அது அப்படித்தான் பிரிக்கும்.

அப்பாவுக்கு அப்போது பதினைந்து வயது. பையன் கணக்கில் அரைச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே ஸ்டோரில் முழு ஆள் வேலை செய்தார். நல்ல மழை. தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பழம் கொட்டிக்கொண்டிருந்தார். கம்பளியின் ஓரம் பல்சக்கரத்தில் சிக்கியது. கிழியக் கூடாது என்றே நெய்த துணி அது. கிழியவில்லை. முதலில் கம்பளி உள்ளே போனது, பிறகு கை, பிறகு தோள். தண்ணீரில் ஓடும் யந்திரத்தை நிறுத்துவதென்றால் மேட்டில் ஏறி வாய்க்காலின் பலகையை அடைக்க வேண்டும். அதற்கு ஒருவர் ஓடினார். அப்பா ஓடவில்லை. சுவரில் சாய்ந்திருந்த அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, தூக்கிச் சக்கரத்தின் பற்களுக்கு நடுவே குத்தினார். பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு நொறுங்கித் தெறித்தன. யந்திரத்தின் இடது காலில் கீழிருந்து மேலாக விரிசல் ஓடியது. யந்திரம் நின்றது. தாத்தாவின் மூச்சு அதற்கு முன்பே நின்றிருந்தது.

அப்பாவின் நெற்றியில் இருந்த தழும்பை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். குடித்துவிட்டு விழுந்தது என்று பெரியவர்கள் சிலர் சொல்லிவந்தீர்கள். அது தெறித்த பல்லில் ஒன்று விட்டுப்போன அடையாளம்.

தாத்தாவைப் புதைத்த மறுநாளே, உழைக்கும் ஆம்பிளை இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பிரா இல்லை என்று கங்காணி சொல்லியனுப்பினார். அப்பாவும் அவருடைய தாயாரும் மலையிறங்கி மாத்தளை டவுனுக்கு வந்தார்கள். அப்பா ஒரு வண்டிப் பட்டறையில் துருத்தி ஊதச் சேர்ந்தார். “இரும்ப அடிக்கவும் விட்டாங்க, அதுக்குச் சோறும் போட்டாங்க. வேற என்ன வேணும்?” என்பார். அந்த யந்திரத்தைத் தன் கையால் தூள் தூளாக உடைக்காமல் சாவதில்லை என்று துருத்தி முன்னால் சத்தியம் செய்தார். சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கும் பலம் வந்த அன்றே மலைக்குப் போனார்.

அங்கே கோப்பி இல்லை. இலைநோய் விழுந்து எல்லாம் கருகி, மலை முழுக்கத் தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் கிடந்தது. பல்பர்களை யார் யாரோ பழைய இரும்பாக வாங்கி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். “கொல செஞ்சவன் ஊரவிட்டு ஓடிட்டான்” என்று அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் சொல்வார். அவர் அதை உவமையாகச் சொன்னதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு தேடுதல். அந்நாளில் மாத்தளைப் பக்கம் அனாதைப் பல்பர் இல்லாத ஊர் குறைவு. பல்லேபொலவில் ஒன்றின்மேல் கோழிகள் அடைந்தன. ஒன்று வயல் வாய்க்காலுக்குப் பாலம் தாங்கியது. ஒன்று சாராயத் தவறணையின் பின்புறம் நின்றது. அதற்கு என்ன உபயோகம் என்பதை எழுத முடியாது. அப்பா ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தார். இரண்டு பல் இல்லாத சக்கரம், இடது காலில் விரிசல். இவை இரண்டும்தான் அவரிடம் இருந்த அடையாளம்.

நாவுலவில் ஒரு விவசாயியின் மரக்கறித் தோட்டத்தில், பல் உடைந்த பல்பர் ஒன்று கவிழ்ந்து கிடப்பதாகக் காசிம் நானா செய்தி கொண்டுவந்தார். காசிம் நானா பலாபத்வலைக்காரர். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சாமான் ஏற்றியவர். அப்பா கடைசிவரை கை நீட்டாத ஒரே சிநேகிதர். இருவரும் வண்டியில் போனார்கள். சும்மா பார்க்கத்தான் போனதாக நானா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

“பாக்கப் போற மனிசன் என்னத்துக்குச் சம்மட்டி கொண்டு வாறான்டு நான் ஒரு வார்த்த கேக்கல்ல மகன். அது என்ட புத்தி.”

பல் இல்லாத இடத்தைக் கண்டதும் அப்பா வேலியைத் தாண்டிவிட்டார். முதல் அடியில் சக்கரம் இரண்டாகப் பிளந்தது. “இந்தா, எங்கப்பனுக்கு! இந்தா, எங்காத்தாவுக்கு!” என்று கத்திக் கத்தி அடித்தார். கால்கள் முறிந்தன, உருளை உருண்டு கத்தரிப் பாத்திக்குள் போனது. விவசாயியும் அவருடைய மூன்று புதல்வர்களும் மண்வெட்டிப் பிடிகளோடு, “ஹொரா! ஹொரா!” என்று ஊருக்கே திருடனை அறிவித்தபடி ஓடிவந்தார்கள். நானாதான் நடுவில் நின்று சிங்களத்தில் விளக்கினாராம்: இவர் திருட வந்தவர் இல்லை, உடைக்க மட்டும்தான் வந்தவர். இந்த விளக்கத்தால் நிலைமை தணியவில்லை.

நால்வரும் சேர்ந்து அப்பாவைப் போட்டு அடித்து மிதித்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிந்தது. ஒரு காது அன்றோடு சரி. தரையில் முகம் அழுந்திக் கிடந்தபோது, அவர் கண்ணுக்குப் பக்கத்தில் உடைந்த துண்டுகள் கிடந்தன. வார்ப்பிரும்பு புதிதாக உடைந்தால் உடைந்த முகம் வெள்ளி போல மினுங்கும். பழைய விரிசல் கறுத்திருக்கும். இடது காலின் துண்டுகள் அத்தனையும் மினுங்கின. ஒரு கோடு கறுப்புக் கூட இல்லை.

“‘நானா!’ன்டு ஒரு சத்தம் வந்திச்சு,” என்பார் காசிம் நானா. “அல்லாவே, உசிர் போகுதுன்டு நெனச்சிட்டேன். ஓடிப்போய்க் குனிஞ்சா, இந்த மனிசன் செல்றாரு, ‘நானா, இது அவன் இல்ல. தப்பான ஆளக் கொன்னுட்டேன்’டு.”

நொறுங்கிய இரும்பு தனக்கு இனி எதற்கு என்று விவசாயி கைகழுவினார். அப்பாவையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார். நானா இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

விலா ஆறுவதற்குள் அப்பா அந்தத் துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினார். ஒவ்வொரு முறிவிலும் இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து ஆணி முடுக்கினார். மாதக்கணக்காக அந்த வேலை நடந்தது. கடைசியில் அது எழுந்து நின்றது, உடம்பெல்லாம் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் மாதிரி. அதற்கு அம்மா வைத்த பெயர் ‘நாவுலக்காரர்’. (அம்மா அப்போதுதான் கலியாணம் முடித்து வந்திருந்தார். புதுப் பெண்ணுக்கு வீட்டில் அறிமுகம் செய்துவைக்கப்பட்ட முதல் சொந்தக்காரர் அது.)

அன்றிலிருந்து அப்பா ஒரு சட்டம் வைத்தார்: விசாரிக்காமல் அடிக்கக் கூடாது. இது இரும்புக்கு மட்டும். எங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

தன் சொந்தப் பட்டறையைத் திறந்ததும் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். சந்தேகத்துக்குரிய பல்பர்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தன. விசாரணையை அப்பா நிதானமாக நடத்துவார். மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டு மண்ணையும் சாணியையும் எடுப்பார். பழைய பெயின்டில் மட்டும் உளி படவிட மாட்டார். “அது அதோட தோலு. தோல உரிச்சுட்டு அப்புறம் நீ யாருன்னு கேட்டா, அது என்னத்தச் சொல்லும்?” திருகாணித் தலை சதுரமா, ஆறு மூலையா என்று பார்ப்பார், சதுரம் என்றால் மூத்தது. செப்புத் தகட்டின் புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். சட்டத்தில் வார்த்திருக்கும் ஆங்கில எழுத்துகளை வாசிக்க என்னைக் கூப்பிடுவார். நான் படித்த ஆங்கிலத்தால் வீட்டுக்குக் கிடைத்த மொத்தப் பிரயோசனம் அதுதான். எல்லாம் முடிந்ததும் எழுந்து, “இவன் இல்ல” என்பார். விடுதலை.

ஆனால் விடுதலையான எதுவும் கொட்டகையை விட்டுப் போகவில்லை. வெளியே அனுப்பினால் யாராவது உடைத்து உருக்கிவிடுவார்கள். குற்றமில்லாததை இரண்டாம் முறை சாகவிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே எண்ணெய் போட்டார், கூரை போட்டார். பழைய பண்ணை யந்திரங்களைப் பாதுகாப்பதில் அவருக்கு ஆர்வம் என்று ஊரில் சிலர் புகழ்ந்தார்கள். ஒரு துரைகூட வந்து பார்த்து, அருமையான பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எதைப் பாதுகாக்கிறார் என்று அவருக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அவற்றில் ஒன்றை அப்பா பலாபத்வலையில், ஒரு கடையின் பின்புறம் கண்டெடுத்தார். பல்லும் சக்கரமும் உட்பட, பச்சைப் பெயின்ட் தடிப்பாகப் பூசிய பல்பர். சக்கரத்தில் பல் எல்லாம் இருந்தது. காலிலும் விரிசல் தெரியவில்லை. கண்டவுடனேயே விடுதலை. ஆனால் அளவிலும் உருவத்திலும் அது தாத்தாவைக் கொன்றதற்கு அச்சு அசல். வேறு யந்திரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுவே சரி என்று அப்பா அதைக் கொட்டகையின் முன்வரிசையில் நிறுத்தினார். ‘சாட்சி’ என்று கூப்பிட்டார். அச்சுத்தண்டு இறுகிப்போய்ச் சக்கரம் சுற்றாமல் நின்றது. நிற்கட்டும், சாட்சி ஓடவா வேண்டும் என்று விட்டுவிட்டார்.

ஆயுத பூசையில் முதல் மரியாதை சாட்சிக்குத்தான். பட்டறையின் சுத்தியல், அரம், குறடு எல்லாவற்றுக்கும் முன்னால் அதன் சக்கரத்துக்கு அம்மா சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். அப்பா கற்பூரம் காட்டுவார். பூசைப் பொட்டைத் துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த வருஷச் சந்தனம் அதன்மேலேயே ஏறும். எண்ணெயும் தூசியும் சந்தனமும் சேர்ந்து, காலப்போக்கில் அந்த இடத்தில் ஒரு செங்கல் கனத்துக்கு ஓடு கட்டிவிட்டது.

இதற்கிடையில் அப்பா தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு யந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராகப் போய்வந்தார். அவர் வேலை செய்த, கொழுந்து உருட்டும் ரோலர் எதுவானாலும் பல்சக்கரத்துக்குப் பலகை மூடி அடிக்காமல் திரும்ப மாட்டார். துரை கேட்காவிட்டாலும் அடிப்பார். ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவர் ஒருவர், எண்ணெய் விட இடைஞ்சல் என்று அந்த மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அப்பா அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: “ஒனக்கு ரெண்டு கையும் வேணுமா?” அவர் சிரித்தார். அடுத்த நிமிஷம் தேயிலைத் தூளில் கிடந்தார். அவருக்கு ரெண்டு கையும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இந்த மலரை அந்தக் கைகளில்தான் அவர் இப்போது வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்கு எழுபது வயதானது. தேடுதல் முடியவில்லை. “செத்தாலும் அவனப் பாக்காமச் சாகமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. பலாபத்வலை றோட்டில் பட்டாளத்து லொறிகள் போய்க்கொண்டே இருந்தன. பழைய இரும்பு தங்கமாயிற்று. ஒருநாள் காலை, யுத்தத்துக்கு இரும்பு சேர்க்கும் ஒரு கொந்தராத்துக்காரர், லொறியோடும் நாலு தடியர்களோடும் எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“பாஸ், இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? பூனகூடப் படுக்காது.”

“பூனைக்கு நான் வைக்கல்ல.”

“யுத்த காலம் பாஸ். இரும்ப ஒளிச்சு வைக்கிறது ராசத் துரோகம்.”

“ஒளிக்கல்லியே. கதவு தெறந்துதான் கெடக்கு. எதுலயாவது கை வச்சா அந்தக் கைய ஒடிப்பேன். அதையும் ஒளிக்கல்ல, மொதல்லயே சொல்லிட்டேன்.”

கொந்தராத்துக்காரர் எழுபது வயதைப் பார்த்தார், நாலு தடியர்களைப் பார்த்தார், தலையசைத்தார். உள்ளே நுழைந்த முதல் ஆளின் தாடையில் அப்பாவின் முட்டி விழுந்தது. இரண்டாவது ஆள் அப்பாவின் இடுப்பைப் பிடிக்க, அப்பா அவன் கழுத்தைப் பிடித்தார். மூன்றாவது ஆள் அம்மாவைத் தள்ளினான். அம்மா அவன் முழங்கையைக் கடித்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். “இது சட்டவிரோதம்” என்று தெளிவான உச்சரிப்போடு சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

நாலாவது ஆள், இதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோல், சம்மட்டியை ஓங்கி முன்வரிசையில் நின்ற சாட்சியின் சக்கரத்தில் ஒன்று போட்டான்.

சந்தன ஓடு, அடியிலிருந்த பெயின்டோடு சேர்ந்து, வெடித்துச் சிதறியது. குங்குமத் தூள் எழுந்து அடங்கியது. ஓட்டுக்கு உள்ளே, இரும்புப் பற்களுக்கு நடுவில், பக்கத்துப் பக்கத்துப் பல் இரண்டு மஞ்சளாக மினுங்கின.

பித்தளை. யாரோ ஒரு கொல்லர் சக்கரத்தில் பள்ளம் வெட்டி, பித்தளைக் கட்டை செருகி, அரத்தால் ராவிச் செய்த பற்கள்.

அப்பா பிடித்திருந்த கழுத்தை விட்டார். மெல்ல நடந்து போய்க் குனிந்தார். பழைய பெயின்டில் உளி படவிடாத மனிதர், இடது காலின் பச்சைப் பெயின்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பெயின்ட் சுருள் சுருளாக உரிந்தது. கீழிருந்து மேலாக, கறுப்பாக, ஒரு கோடு வந்தது.

கடிபட்டவன்கூட முழங்கையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான்.

“நாங்க ஒப்பாரி வச்சிட்டிருந்த வாரத்துல,” என்றார் அப்பா, “இவனுக்குப் பல்லு கட்டி மறுபடி ஓட்டியிருக்கானுங்க.”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ, மாமனாரக் கொன்னவனுக்கா நான் இத்தன வருஷமாப் பொட்டு வச்சேன்?”

அப்பா நாலாவது ஆளின் கையிலிருந்து சம்மட்டியைப் பிடுங்கினார். தன் தலைக்குத்தான் என்று நினைத்து அவன் ஓடினான். அப்பா யந்திரத்தை அடித்தார். பழம் கொட்டும் பெட்டி பறந்து கூரைத் தகரத்தில் மோதி விழுந்தது. மறுபடி அடித்தார். உருளையின் செப்புத் தகடு கிழிந்து சுருண்டது. அவர் வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை. பதினைந்து வயதில் தொண்டையில் நின்றுபோன சத்தம் அது என்று எனக்குப் பட்டது. மூன்றாம் அடிக்கு, பித்தளைப் பற்களுக்குக் குறி வைத்துத் தூக்கினார்.

“அப்படிப் போடுங்க பாஸ்!” என்றார் கொந்தராத்துக்காரர், பழையதெல்லாம் மறந்து. “நீங்களே ஒடச்சுக் குடுத்துட்டா எங்களுக்கும் வேல லேசு. இப்பவே ஏத்திடுறோம். சீக்கிரமே குண்டாகிடும்.”

சம்மட்டி தலைக்கு மேலே நின்றது.

“என்னவாகும்?”

“குண்டு, பாஸ். ப்ளேன்லேருந்து போடுறது. ஒண்ணு விழுந்தாப் போதும், ஒரு தெருவே காலி.”

அப்பா அவரைப் பார்த்தார். யந்திரத்தைப் பார்த்தார். கிட்டத்தட்ட ஆயுள் முழுக்கத் தேடிய ஆள் எதிரில் நிற்கிறான்; கையில் சம்மட்டி இருக்கிறது; தடுக்க ஒருவரும் இல்லை.

“ஒரு மனுசன எடுத்தவனுக்கு ஒரு தெருவையே குடுக்கச் சொல்றியா?” என்றார்.

சம்மட்டியைக் கீழே விட்டார். விட்ட இடத்தில் கொந்தராத்துக்காரரின் கால் இருந்தது. தற்செயல் என்றே இங்கே பதிவு செய்கிறேன்.

லொறி போனபின் காசிம் நானா வீட்டிலிருந்து மாட்டுச் சங்கிலி வந்தது. அப்பா யந்திரத்தைச் சக்கரத்தோடு சேர்த்துக் கொட்டகைத் தூணில் கட்டி, பூட்டுப் போட்டார். “நீ இங்கயே கெட” என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. பிறகு உள்ளே போய் இரண்டு நாள் படுத்தார்.

மூன்றாம் நாள் எண்ணெய்த் துணியோடு கொட்டகையில் நின்றார். கிழிந்த செப்புத் தகட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை.

“அப்பா, தண்டனை குடுத்தாச்சே. அப்புறம் எதுக்கு எண்ணெய்?”

“எண்ணெய் போடாட்டித் துருப் புடிக்கும்.”

“புடிக்கட்டுமே.”

“நீ படிச்சவன்தானே? துருப் புடிச்சா மண்ணாப் போயிரும். மண்ணாப் போயிட்டா அவனுக்கு விடுதலதானே? நான் செத்த பொறகும் அவன் உள்ள இருக்கணும்.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் அதற்குத்தான் முதல் எண்ணெய். அடுத்த ஆயுத பூசையில் அம்மா அதற்குச் சந்தனம் வைக்க மறுத்தார். அப்பா வற்புறுத்தவில்லை. முதல் மரியாதை நாவுலக்காரருக்குக் கிடைத்தது. அப்பாவே தன் கையால் பொட்டு வைத்தார். தப்பாகக் கொன்ற ஆளிடம் கேட்கவேண்டியதை அன்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு தவறான கதை உலவுகிறது. அதைத் திருத்த வேண்டும். அவர் கையைக் கிழித்தது சங்கிலி போட்ட யந்திரம் இல்லை. நாவுலக்காரரின் காலில் தானே முடுக்கிய தகட்டின் விளிம்புதான், துடைக்கும்போது கட்டைவிரலைக் கீறியது. சின்னக் கீறல். மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு வேலையைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு சோறு மெல்ல முடியவில்லை என்றார். மறுநாள் தாடை பூட்டிக்கொண்டது. துருக் காயத்தில் ஏறும் ஏற்புச் சன்னி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் உடம்பு வில்லாக வளைந்து வளைந்து அடித்தது. நாலு பேர் பிடித்தும் கட்டில் நகர்ந்தது. யாரையும் ஒரே அடியில் விழுத்தியவர், கடைசியாகச் சண்டை போட்டது தன் உடம்போடு. அது அவரைவிடப் பலசாலியாக இருந்தது.

நாவுலக்காரர் பழிவாங்கியது என்று நான் எழுதப் போவதில்லை. இரும்புக்கு ஞாபகம் கிடையாது. அப்பாவுக்குத்தான் இருந்தது.

பேச்சுப் போன பிறகு, வலி விட்ட இடைவெளிகளில், அவர் வலது கை கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டேயிருந்தது. மேலும் கீழுமாக, ஒரே சீராக. வலிப்பு என்று தாதி சொன்னார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “போடுறோங்க. தவறாமப் போடுறோம். நீங்க நிம்மதியாப் போங்க” என்றார். கை நின்றது. அன்று மாலை அவர் போய்விட்டார்.

இனி என் வாய் வீங்கிய கதை. கருமாதியன்று, அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, அத்தானைக் கொன்ற சனியன் இதுதான் என்று சம்மட்டியோடு கொட்டகைக்குள் போனார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய்ச் சங்கிலி போட்ட யந்திரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். என் வாழ்நாளில் நான் இறங்கிய ஒரே சண்டை. மாமா சம்மட்டியைப் பின்னுக்கு இழுத்தபோது பிடியின் முனை என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று போனது. ஆக, நான் அடி வாங்கியது அவர் அடிப்பதற்கு முன்னால்.

“நகருடா! ஒங்கப்பனக் கொன்ன இரும்புக்கா காவல் நிக்கிற?”

வாய் நிறைய இரத்தம். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அதற்குள் அம்மா, வெள்ளைச் சேலையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“தம்பி, கீழ வை அத. அவரு பூட்டுன பூட்டு அது. ஒடைக்கணும்னு இருந்தா அவருக்கு ஒடைக்கத் தெரியாதா? ஒன்னவிட நல்லா ஒடைப்பாரு. கையில சம்மட்டிய வச்சுக்கிட்டு விட்ட மனுசன் அவரு. நீ அத ஒடச்சா, அது லொறியேறி எங்க போய் யாரு தலையில விழும்னு ஒனக்குத் தெரியுமா?”

மாமா நின்றார். பிறகு சம்மட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அத்தானிடம் அதிக அடி வாங்கியவர் அவர்தான்.

கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ஆமாம், இன்னும் வைத்திருக்கிறோம்.

அப்பாவின் இறுதி நாட்களில் பக்கத்தில் நின்ற வைத்தியருக்கும் தாதிமாருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், நடக்கவே தடி வேண்டிய வயதில் பாடையின் ஒரு பக்கத்தைத் தோளில் வாங்கிய காசிம் நானாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். செய்தி கேட்டு நாவுலவிலிருந்து ஒரு மூட்டை கத்தரிக்காயோடு வந்து, அப்பாவின் காலடியில் நெடுநேரம் நின்ற முதியவர், அன்று மண்வெட்டிப் பிடியால் அடித்த மூன்று புதல்வர்களில் இளையவர். அவருக்கும் எங்கள் நன்றி. ஒரு பல்லைத் தவிர வேறெதையும் உடைக்காத மாமாவுக்கும் நன்றி. சங்கிலியின் கொக்கியை இப்போது மாதம் ஒருமுறை வந்து அவர்தான் சரி பார்க்கிறார்.

கொட்டகைச் சாவி என்னிடம் இருக்கிறது. தினமும் பாடசாலைக்குப் போகுமுன் எண்ணெய்த் துணியோடு உள்ளே போகிறேன். பித்தளைப் பல் இரண்டையும் முதலில் துடைக்கிறேன், பிறகு இடது காலை, விரிசலின் கோடு வழியாக. என் வேலையில் அப்பா குறை கண்டுபிடிப்பார், சந்தேகமில்லை. வேட்டியில் எண்ணெய்க் கறை போகாமல் அம்மா திட்டுகிறார்.

அவன் உள்ளேதான் இருக்கிறான், அப்பா. இன்று காலையும் எண்ணெய் போட்டேன்.